மெழுகுவர்த்தி வரைந்த பியானோ

வில்ஃப் கார்பட்டை எங்கள் ஹாவர்பியில் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது, அது வேறு விஷயம். மீன் சந்தைச் சதுக்கத்துக்குப் பியானோ வந்த பிறகு அந்தப் பாதி முக்காலாகிவிட்டது.

அந்தக் கோடையில் நகராட்சிக்காரர்கள் ஊருக்குள் அங்கங்கே பழைய பியானோக்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம் யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்டவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓவியரைப் போட்டு, அக்கம்பக்கத்துச் சனங்களையும் சேர்த்துக்கொண்டு வண்ணம் அடித்து, போகிறவர் வருகிறவர் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து வாசிக்கட்டும் என்று தெருவில் விட்டார்கள். கடலோரத்து ஊரில் மழை சொல்லிக்கொண்டா வரும்? அதனால் ஒவ்வொரு பியானோவுக்கும் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவர் பொறுப்பு. மழை வந்தால் தார்ப்பாயைப் போட்டு மூட வேண்டும், விட்டால் எடுக்க வேண்டும். சதுக்கத்துப் பியானோவை யார் பார்த்துக்கொள்வது என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் தங்கள் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். வில்ஃப் மட்டும் கையைத் தூக்கினார்.

தூக்கியவர் சும்மா இருந்தாரா? சிப்ஸ் தின்ற கையோடு வாசிக்கும் கட்டைகளைத் தொட்ட பிள்ளைகளை விரட்டினார். மூடியின் மேல் பீர் டம்ளரை வைத்தவனை, அவன் பிறந்த வேளையைச் சேர்த்து வைதார். கடற்காகங்களைக்கூட விடவில்லை. "பியானோவுக்குக் காவலா, பேங்குக்குக் காவலா?" என்று மீன் வறுவல் கடை மார்ஜி கேட்டாள். அவள் கடை வாசலுக்கு நேர் எதிரேதான் பியானோ நின்றது. வில்ஃப் தார்ப்பாய்க் கயிற்றை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். துறைமுகத்தில் கப்பல் கயிறு கட்டிய கை அவருடையது. தார்ப்பாயைச் சுற்றி அவர் போடும் முடிச்சைப் புயல் வந்தாலும் அவிழ்க்க முடியாது.

இத்தனை கரிசனம் காட்டுகிற மனிதர் ஒரு காலத்தில் பியானோ உடைப்பதில் பேர் வாங்கியவர் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. அப்போதெல்லாம் ஊர்த் திருவிழா என்றால் பியானோ உடைக்கும் போட்டி இல்லாமல் இருக்காது. வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்துவிட்ட காலம். பியானோ இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. அணிக்கு ஒரு பியானோ. சம்மட்டியால் அடித்து நொறுக்கி, பலகையில் வெட்டிய ஓட்டை வழியாகத் துண்டு துண்டாக அந்தப் பக்கம் தள்ள வேண்டும். எந்த அணி முதலில் தள்ளி முடிக்கிறதோ அவர்களுக்குக் கோப்பையும் ஒரு பீப்பாய் பீரும். 'நங்கூரம்' பப்பின் அணிக்கு வில்ஃப்தான் தலைவர். வெறும் காட்டடி இல்லை, அதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் மேல் மூடி, பிறகு முன்பலகை, கடைசியாக இரும்புச் சட்டம்.

அப்படி ஒரு வருடம் திருவிழாவில் அவருடைய மனைவி எனிட் பியானோ வாசிப்பதாக ஏற்பாடு. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனிட்டின் பியானோ அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. மீன்பிடிக் கப்பலில் என்ஜின் பார்த்த மனிதர் அவர். பெண்ணுக்கு அதை வாங்கிக் கொடுத்த குளிர்காலமே கப்பலோடு போய்விட்டார். உடம்புகூடக் கிடைக்கவில்லை. முன்பலகையில் இரண்டு பக்கமும் பித்தளையில் மெழுகுவர்த்தித் தாங்கிகள் இருந்தன, கொடி மாதிரி வளைந்து. அப்பாவுக்கு அந்தத் தாங்கிகள்தான் பிடித்துப்போயிற்றாம், அதற்காகவே வாங்கினாராம். சனிக்கிழமையானால் எனிட் அவற்றைத் தேய்த்துத் துடைப்பார்.

திருவிழாவன்று காலையில் அந்தப் பியானோவைத் திடலுக்கு ஏற்றிப் போனதும் வில்ஃபும் அவருடைய கூட்டாளிகளும்தான். உடைப்பதற்கென்று வைத்திருந்த பியானோவும் அதே லாரியில் வந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்ததால் இரண்டையும் கூடாரத்துக்குப் பின்னால் இறக்கி, இரண்டின் மேலும் நிலக்கரிக் கடைத் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டுக் குடிக்கப் போய்விட்டார்கள். மதியம் விசில் ஊதும் நேரத்தில் பையன்கள் ஓடிப்போய்க் கைக்குக் கிடைத்ததைத் தார்ப்பாயோடே தள்ளிக்கொண்டு வந்தார்கள். வில்ஃப் பீர்க் கூடாரத்திலிருந்து நேராகச் சம்மட்டியோடு வந்தார். தார்ப்பாயை உருவியதும் விசில், விசிலோடு அடி. மேல் மூடி இரண்டாகப் போயிற்று.

அப்புறம்தான் பித்தளை கண்ணில் பட்டது.

அவருக்குத் தெரிந்துவிட்டது. சம்மட்டி தலைக்கு மேலே நின்றது. மூடிதானே போயிருக்கிறது, ஒரு தச்சரைப் பிடித்தால் சரியாகிவிடும். நிறுத்தியிருக்கலாம். ஆனால் பக்கத்துக் களத்தில் ஸ்கெல்தார்ப் ஊர்க்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். போன வருடம் கோப்பை அவர்களிடம் போயிருந்தது. கூட்டம் கத்துகிறது, கூட்டாளிகள் கத்துகிறார்கள். வில்ஃப் சம்மட்டியை இறக்கினார். முன்பலகையில், இரண்டு தாங்கிகளுக்கும் நடுவில்.

முதல் அடிதான் கைத்தவறு, இரண்டாவது அடி கைத்தவறில்லை. அது ஊருக்குத் தெரியாது. ஊரைப் பொறுத்தவரை பையன்கள் பியானோவை மாற்றித் தள்ளிவந்துவிட்டார்கள், பாவம் வில்ஃப், பாவம் எனிட், அவ்வளவுதான். ஆனால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் முதல் வரிசையில் எனிட் பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சம்மட்டி மேலே நின்றதையும் பார்த்தார், இறங்கியதையும் பார்த்தார். அந்த வருடம் கோப்பை ஹாவர்பிக்கு வந்தது.

எனிட் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். வில்ஃப் மண்டியிட்டு அழுதாராம், தெரியாமல் நடந்துபோயிற்று என்று. "தெரியாமலா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எனிட் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே கிடையாது. மற்றதெல்லாம் பேசினார். இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார், இருவரும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். சமைத்தார், சிரித்தார், வில்ஃபின் சட்டைக்குப் பித்தான் தைத்தார். தேவாலயத்தில் வாசிக்க ஆள் இல்லையென்று கூப்பிட்டபோது மட்டும் விரல் வளையவில்லை என்றார். முன்னறையில் பியானோ நின்ற சுவரோரம் ஒரு சாமானும் வைக்க விடவில்லை. வில்ஃப் ஓர் அலமாரியைக் கொண்டுவந்து வைத்தார். மறுநாள் அது வேறு சுவரில் இருந்தது.

ஒருமுறை அவர் ஏலத்தில் ஒரு பியானோவை எடுத்து வாசல்வரை கொண்டுவந்தார். எனிட் கதவை முழுதாகத் திறக்கவே இல்லை. "வழியை அடைக்காதே, வில்ஃப்" என்றார். பியானோ கொல்லையில் குளிர்காலம் முழுக்க நனைந்து ஊதிப்போயிற்று. கடைசியில் வில்ஃபே சம்மட்டியை எடுத்து அதை உடைத்து அள்ள வேண்டியதாயிற்று. முதல் சத்தம் கேட்டதும் சமையலறைத் திரை மூடிக்கொண்டது.

இப்படியே அவர்கள் கிழவனும் கிழவியும் ஆனார்கள். வில்ஃபுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், திங்கள், புதன், வெள்ளி பக்கத்து நகரத்து மருத்துவமனையில் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. காலையில் வண்டி வந்து ஏற்றிப் போகும், சாயங்காலம் கசக்கிப் பிழிந்த துணி மாதிரி இறக்கிவிடும். முதலில் போகப்போவது அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, அவருக்கும்.

அப்போதுதான் பியானோக்கள் வந்தன. சதுக்கத்துப் பியானோவுக்கு வண்ணம் தீட்ட வந்தவள் டாம்சின் என்ற பெண். ரப்பர் பூட்ஸும் தலையில் துணியுமாக வீடு வீடாகப் போய், இந்தச் சதுக்கம் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டாள். ஒருவர் ஹெர்ரிங் மீன் என்றார், ஒருவர் ஐஸ் பெட்டி என்றார். மார்ஜி தன் செத்துப்போன நாயைப் போடச் சொன்னாள். எல்லாவற்றையும் டாம்சின் போட்டாள். பக்கவாட்டில் மீன்கள் வெள்ளியாய்ப் பாய்ந்தன, மூடி முழுக்கக் கடல், காலடியில் மார்ஜியின் நாய். நேரம் கிடைத்தவர்கள் ஆளுக்கொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சேர்ந்து அடித்தார்கள்.

எனிட் பிரஷ்ஷைத் தொடவில்லை. ஆனால் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வந்து முன்பலகைக்கு எதிரே நின்று, இங்கே ஒன்று, அங்கே ஒன்று, மெழுகுவர்த்தித் தாங்கி வரையச் சொன்னார். டாம்சின் வரைந்தாள். "இன்னும் கொஞ்சம் வளையணும் கண்ணு. கொடி மாதிரி" என்று பக்கத்திலேயே நின்று திருத்தினார். பித்தளை நிறத்தில் இரண்டு தாங்கிகள், இரண்டிலும் எரிகிற மெழுகுவர்த்திகள். கடலுக்கு நடுவில் இது எதற்கு என்று மார்ஜி கேட்டதற்கு, இருட்டில் வாசிக்க வெளிச்சம் வேண்டாமா என்று எனிட் சிரித்தாராம்.

அன்று மருத்துவமனையிலிருந்து வந்து இறங்கிய வில்ஃப் அதைப் பார்த்தார். பார்த்தவர் நகரவில்லை. வண்டியோட்டி பயந்துபோய் இறங்கிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்குப் போனதும், "எனிட், அந்த மெழுகுவர்த்தி..." என்று ஆரம்பித்தார்.

"நல்லா வந்திருக்கில்ல?" என்றார் எனிட். அதோடு சரி.

அந்த ஒரு வார்த்தையை வில்ஃப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடம் கழித்து அவளே வாயைத் திறந்துவிட்டாள், இனி என்ன, ஒருநாள் உட்கார்ந்து வாசிப்பாள், நான் பக்கத்தில் நின்று கேட்பேன், அப்புறம் சாவு வந்தால் வரட்டும். இதுதான் அவருடைய கணக்கு. கூட்டத்தில் கையைத் தூக்கியது இதற்காகத்தான். பிள்ளைகளை விரட்டியதும் இதற்காகத்தான். எனிட் உட்காருகிற நாளில் கட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது, ஒரு கட்டைகூட நனைந்து ஒட்டிக்கொள்ளக் கூடாது.

கேட்கவும் செய்தார். மானத்தை விட்டுக் கேட்டார். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த எனிட்டின் எதிரே உட்கார்ந்து, "நான் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை வாசி எனிட். ஒரு பாட்டுப் போதும். பாதிப் பாட்டு" என்றார்.

எனிட் ஜன்னலைப் பார்த்தார். "மழை வரும்போல இருக்கு. போய் மூடிட்டு வா."

வேறொரு நாள் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். இன்னொரு நாள் விரல் வலிக்கிறது என்றார். பார்க்கலாம் என்ற சொல்லை வைத்துக்கொண்டே வில்ஃப் ஒரு மாதம் ஓட்டினார்.

தான் இல்லாத நாட்களில் பியானோவை யாரும் திறக்கக் கூடாது என்று அவர் ஊருக்கே உத்தரவு போட்டிருந்தார். திங்கள், புதன், வெள்ளி காலையில் தன் கையாலேயே மூடி இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் வண்டி ஏறுவார். ஆனால் சாயங்காலம் வந்து பார்த்தால் முடிச்சு மாறியிருக்கும். அவருடைய முடிச்சு இருந்த இடத்தில் ஒரு பூ முடிச்சு, சமையல் ஏப்ரனுக்குப் போடுகிற மாதிரி. ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். மார்ஜியைக் கூப்பிட்டுக் கேட்பார். மார்ஜி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, தனக்கு வியாபாரத்தைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது, முடிச்சை எங்கே பார்ப்பது என்பாள்.

"எவனோ பூ முடிச்சு போட்டுவிட்டுப் போறான், எனிட். கையில பலமே இல்லாத பய."

"மழை படாம மூடியிருந்தா சரிதானே" என்பார் எனிட்.

ஒரு வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் மின்சாரக் கோளாறு. பாதியிலேயே எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டி சதுக்கத்து முனையில் திரும்பும்போது வண்டியோட்டி தலையைச் சாய்த்து, "யாரோ அருமையா வாசிக்கிறாங்க, மிஸ்டர் கார்பட்" என்றான். வில்ஃபின் காதைத் துறைமுகத்துக் கிரேன்கள் எப்போதோ தின்றுவிட்டன. கண்ணாடி ஏற்றியிருந்தது, டீசல் என்ஜின் வேறு இரைந்தது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "பள்ளிக்கூடப் பசங்களா இருக்கும். காட்டடி அடிப்பானுங்க" என்றார். இறங்குவதற்குள் மார்ஜி கடையை விட்டு ஓடிவந்து, என்றுமில்லாத அக்கறையாக உடம்பு எப்படி இருக்கிறது, ரத்தம் எப்படி இருக்கிறது என்று வழியை மறித்துக்கொண்டு பேசினாள். அவளைத் தள்ளிவிட்டுப் போய்ப் பார்த்தால் பியானோ திறந்து கிடந்தது, ஆளில்லை. எனிட் மருந்துக் கடைப் பக்கமிருந்து பையோடு வந்துகொண்டிருந்தார். வில்ஃப் கத்தித் தீர்த்தார். எனிட் அவர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

செப்டம்பரில், பியானோக்களை எடுத்துப்போக நகராட்சி நாள் குறித்துவிட்ட வாரத்தில், எனிட் சமையலறையில் விழுந்தார். கெட்டில் கொதித்து அணைந்துவிட்டது, கோப்பையில் தேயிலைப் பை போட்டபடியே இருந்தது. பக்கத்து அறையில் இருந்த வில்ஃபுக்கு விழுந்த சத்தம் கேட்கவில்லை. முதலில் போக வேண்டியவர் உட்கார்ந்திருக்க, யாரும் நினைக்காதவர் போய்விட்டார். பிள்ளைகளில் ஒருவன் கனடாவிலிருந்து வந்தான், அடக்கம் முடிந்த மறுநாளே திரும்பிவிட்டான்.

அடக்கத்துக்குப் பிறகு எல்லோரும் மார்ஜியின் கடையில்தான் கூடினார்கள். ஹாம் சாண்ட்விச்சும் தேநீரும். ஓவியப் பெண் டாம்சினும் வந்திருந்தாள். வில்ஃப் ஜன்னலோரம் உட்கார்ந்து பியானோவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று மார்ஜி பேசினாள். பேசத் தெரியாதவள் இல்லை அவள், அதுதான் வினை.

"இனிமே வெள்ளிக்கிழமைன்னா இந்தச் சதுக்கமே வெறிச்சுன்னு கிடக்கும், வில்ஃப்" என்றாள்.

கடையில் யாரும் வாயிலிருந்ததை மெல்லவில்லை. டாம்சின் கோப்பையைக் கீழே வைத்தாள். வில்ஃப் மெதுவாகத் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை என்ன?"

மார்ஜி ஏப்ரனில் கையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, சொல்லிவிட்டாள். கோடை முழுக்க, திங்கள், புதன், வெள்ளி, அவருடைய வண்டி முனை திரும்பியதும் எனிட் வருவார். முடிச்சை அவிழ்த்து உட்கார்ந்து வாசிப்பார். முதல் வாரம் தட்டுத் தடுமாறி, பிறகு தடையில்லாமல். கடைக்கு வந்தவர்கள் கையில் வாங்கிய மீன் ஆறிப்போவதைக்கூட மறந்து நிற்பார்களாம். முடித்துவிட்டுக் கட்டைகளைக் கைக்குட்டையால் துடைத்து, மூடி, பூ முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார். ஊரே கேட்டிருக்கிறது, காதும் காதும் வைத்த மாதிரி ஊரே மறைத்திருக்கிறது.

"எங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாளா?"

"சத்தியம் வாங்கிக்கிட்டா. எல்லார்கிட்டயும்."

"ஏன்னு கேட்டியா?"

மார்ஜி தரையைப் பார்த்தாள். "கேட்டேன், வில்ஃப். 'அவன் கேட்டுட்டா நான் மன்னிச்ச மாதிரி ஆயிடும், மார்ஜி. என்னால அது முடியல, முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன்'னு சொன்னா. எதை மன்னிக்கணும்னு சொல்லல. நானும் கேட்டுக்கல."

வில்ஃப் தலையை ஆட்டினார். ஆச்சரியம் எதுவும் முகத்தில் இல்லை. மருத்துவர் சொல்லப்போவதை முன்பே தெரிந்துகொண்டு போனவர் முகம் மாதிரி இருந்தது. வண்டியோட்டி தலையைச் சாய்த்துக் கேட்டது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "காட்டடி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். யாருக்கும் புரியவில்லை.

டாம்சின் எழுந்து வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையில் போனை நீட்டினாள். ஒருநாள் எனிட்டுக்குத் தெரியாமல் பதிவு செய்தாளாம். முழுப் பாட்டு, ரொம்பத் தெளிவாக இருக்கிறது, காதோடு வைத்துக்கொண்டால் கேட்கும் என்றாள்.

வில்ஃப் போனை வாங்கினார். அந்தச் சின்னக் கண்ணாடியில் எனிட்டின் முதுகு தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, இரண்டு பக்கமும் எரிகிற மெழுகுவர்த்திகள். கட்டை விரல் அதன் மேல் போய் நின்றது. தலைக்கு மேல் நின்ற சம்மட்டியைப் பார்த்தவர்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் அந்த நிற்றலைத் தெரிந்துகொண்டிருப்பார்கள். பார்த்த ஒருத்தியைத்தான் அன்று காலை மண்ணில் வைத்துவிட்டு வந்திருந்தோம்.

"நல்லா வாசிச்சாளா?" என்று கேட்டார்.

டாம்சின் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

வில்ஃப் போனை அவள் கையில் திருப்பி வைத்தார். "அழிச்சிடு கண்ணு. எனக்கில்லைன்னு சொல்லிட்டா."

வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. வில்ஃப் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். கோடை முழுக்கக் காத்த அந்தப் பியானோவில் ஒரு கட்டையைக்கூடத் தொடாமல் மூடியை இறக்கினார், தார்ப்பாயை இழுத்துப் போட்டார். கயிற்றை எடுத்து ஒரு பூ முடிச்சுப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. அவிழ்த்துவிட்டுத் தன் முடிச்சையே போட்டு இறுக்கினார்.